உன் வாக்கில் நடந்த கல்யாணம்

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, நெதர்லாந்தில் மாட்டுக்கே வாரம் தவறாமல் டாக்டர் வருகிறார் என்று நீதானே பீற்றிக்கொண்டாய். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். உன் தங்கச்சி முனீஸ்வரிக்கும் என் அண்ணன் மகன் அழகுபாண்டிக்கும் போன வெள்ளிக்கிழமை உசிலம்பட்டியில் கல்யாணம் முடிந்தது. மறுநாள் கறிச்சோறு, குறை சொல்ல ஆளில்லை. உன்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் தடுத்திருப்பாய்.

போன வருஷம் லீவில் வந்தபோது மாட்டுக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசினாயே, ஒரு காளையின் வழியில் வந்த பசுவுக்கு அதே வழிக் காளையின் சினை ஊசியைப் போட்டால் ரத்தத்தில் மறைந்திருக்கும் குறை கன்றில் வெளியே வரும், அதனால்தான் மரபணுவைப் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும் முன்னே, "மனுசருக்கும் இதே கணக்குதாம்மா, நீ அத்தை மகனைக் கட்டுன, தங்கச்சியையும் மாமன் மகனுக்குக் குடுக்காத, தம்பிக ரெண்டு பேரும் ஏன் தங்கலைன்னு நெனச்ச" என்றாய். அந்தப் பையன்கள் பிறந்து செத்ததை நான் சாமி குத்தம் என்று சொல்லித்தான் அழுதுகொண்டிருந்தேன். கிடா வெட்டினால் தீரும் என்று எனக்கு ஒரு வழி இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் அப்பாவைக் காரணமாகக் கையில் கொடுத்துவிட்டாய். இப்போது அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது. பெற்றவளிடம் இப்படிச் சொல்லத்தான் அம்புட்டுப் படித்தாயா? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஒம் மக மாட்டுக்குப் பாக்குற கணக்கை எம் மகனுக்கும் பாக்குறாளோ" என்று அண்ணன் கேட்டபோது தலை குனிந்து நின்றேன். முறையை மறுத்தால் என் பிறந்த வீட்டு வாசல் அடைத்துப் போகும், நாளைக்கு எனக்கொரு நல்லது கெட்டது என்றால் நீயா வந்து நிற்பாய்? முனீஸ்வரிதான், "அக்கா சரின்னு சொன்னாத்தான் கழுத்தை நீட்டுவேன்" என்று பட்டினி கிடந்தாள். அவள் போனை முன்னாலேயே வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, "அக்கா பேசிட்டா, கணக்கை மறுபடி பாத்ததுல ஒரு பயமும் இல்லையாம், நல்லா இருக்கச் சொன்னா" என்றேன். பாவி மகள், உடனே எழுந்து போய்ச் சாப்பிட்டாள். உங்கள் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அங்கே குளிரில் காதை மூடாமல் திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு. குலசாமி உனக்கு ஒரு குறையும் வைக்காது. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும் நேரம் பார்த்து முனீஸ்வரியிடம் போனைத் திருப்பிக் கொடுப்பேன், அவள் உன்னைக் கூப்பிடுவாள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று சொல். இல்லை என்று சொல்வதானாலும் சொல்லிக்கொள், தாலி ஏறியவளுக்கு அதைக் கேட்டுப் பயம்தான் மிஞ்சும். இனி அவள் வயிற்றில் எது பிறந்தாலும் உன் வாக்கை நம்பிப் பிறந்தது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அன்னக்கொடி