இர்பானாவின் மெமரி கார்டு

20 ஜனவரி 2025, திங்கள்
இன்று சைபர் தடயவியல் வகுப்பில் மணிமொழி மேடம் சொன்னதைக் கேட்டதிலிருந்து பித்துப் பிடித்தவள் மாதிரி திரிகிறேன். மெமரி கார்டில் அழித்த படம் அழிவதில்லையாம். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுகிறோமாம். இன்னொருவர் குடிவரும்வரை பழைய ஆள் உள்ளேயே இருப்பாராம். ஹாஸ்டல் மாடியில் நின்று பெரம்பலூர் விளக்குகளைப் பார்த்தபடி அதையே நினைத்தேன். நான் இதுவரை அழித்ததெல்லாம் எங்கே இருக்கும்?

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் இர்பானா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். போன வாரத்திலிருந்து ஆளையே காணோம்.

22 ஜனவரி
இர்பானாவின் ஊரான லப்பைக்குடிகாடு போனேன். அவளைத் திட்டத்தான் போனேன். முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எவனோ அவள் முகத்தை வேறு உடம்பில் ஒட்டி அனுப்பி, ஊருக்கே அனுப்புவேன் என்று மிரட்டியிருக்கிறான். அவள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெமரி கார்டில் வைத்திருக்கிறாள். அவள் அம்மா நஜ்முன்னிசா அதைப் பார்த்துவிட்டார். மானத்துக்குப் பயந்து அத்தனையையும் அழித்து, போனையும் பிடுங்கிக்கொண்டார். படிப்பும் போதுமாம்.

"யா அல்லாஹ், அதான் அழிச்சாச்சுல்ல! அந்தப் பேச்சே வேணாம்," என்றார் அந்த அம்மா.

அழிச்சாச்சாம்! அவன்கிட்ட இருக்கே, அத யாரு அழிக்கிறது? அவன் எண்கூட இவளுக்கு நினைவில்லை.

23 ஜனவரி
கனவு. வெள்ளாற்று மணலைக் கையால் தோண்டுகிறேன். படங்கள் ஈரமாக வருகின்றன. எல்லாவற்றிலும் என் முகம்.

25 ஜனவரி, சனி
மறுபடி போனேன். அந்தப் போன் மாடியில்! குவைத்தில் இருக்கும் மகன் அஸ்லாமுக்கு அனுப்ப, புது மாடிக்குக் காங்கிரீட் போடுவதை அந்த அம்மா அதில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக இதே வேலையாம். ஒவ்வொரு வீடியோவும் அந்தக் கார்டில்தான் போய் உட்காரும், அழித்த படங்களின் இடத்தில்.

"ஐயையோ, நிறுத்துங்கம்மா!" கத்தியே விட்டேன். கொத்தனார் திரும்பிப் பார்த்தார்.

"புள்ள அங்க தனியா கெடக்கான். வூட்ட அவன் கண்ணால பாக்க வேணாமா?"

"உங்க பொண்ணு பக்கம் பேச அந்தக் கார்டு மட்டும்தாம்மா இருக்கு."

சொல்லும்போதே அழுதுட்டேன். சே. அவர் கார்டைக் கழற்றித் தந்தார். "அந்தப் படத்த நீ பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பார்க்காமல் எப்படித் தேடுவது?

28 ஜனவரி
லேப். அசலைத் தொடாமல் அச்சு அசலான நகல் ஒன்றை மேடம் எடுத்தார். அதில்தான் தேட வேண்டும். காங்கிரீட், கம்பி, மறுபடி காங்கிரீட். கடைசியில் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"தொறடி. பரவால்ல, பாரு," என்றார் மேடம்.

மேலே அவன் எண், அதன் கீழே மிரட்டல். அதற்குக் கீழே, படம் இருந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறம். வீடியோக்கள் அந்தப் பாதியை மட்டும் தின்றுவிட்டன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

29 ஜனவரி
அவள் அம்மாவிடம் இருக்கும் அந்தப் போனுக்கே அழைத்தேன். இர்பானா முதலில் கேட்டது: "படம்?"
"இல்லடி. அதுல யாராலயும் பாக்க முடியாது."
அதையே அவள் அம்மாவிடம் கத்திச் சொல்வது கேட்டது.

31 ஜனவரி, வெள்ளி
கார்டை எடுத்துக்கொண்டு மூவரும் சைபர் கிரைம் போலீசுக்குப் போனோம். என்ன எழுதியிருந்தான் என்று பெண் அதிகாரி கேட்டார். இர்பானா தலையைக் குனிந்துகொண்டாள். நஜ்முன்னிசா அம்மா முக்காட்டைச் சரிசெய்தார். ஒரு வார்த்தை விடாமல், வாய்விட்டு, அவரே சொன்னார்.

"புகார் யார் பேர்ல?"

"என் பேர்ல எழுதுங்க. அவ என் பொண்ணு."

3 பிப்ரவரி, திங்கள்
வகுப்பில் பக்கத்து இடத்திலிருந்த என் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, இர்பானா உட்கார்ந்தாள்.