பாஸ்டனில் கொட்டியது எங்கள் தேயிலை இல்லை

5 மார்ச் 2007, திங்கள், எசன், ஜெர்மனி

காலையில் தூறல். குடையை ட்ராமில் விட்டுவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது.

நான் வேலை செய்யும் தேயிலைக் கடை முதலாளியம்மா (இனி மு.) நோட்டீஸ் அடித்து வந்திருந்தார். 'இலங்கைத் தேயிலையும் அமெரிக்க விடுதலையும்.' சனி பிற்பகல் மூன்று மணி. பேசுவது நான். என் பெயர் ஓர் எழுத்தும் பிழையில்லாமல். இந்த நாட்டில் இதுதான் முதல் தடவை.

யோசனை என்னுடையது. அமெரிக்க விடுதலைக்கு முன், பிரிட்டன் போட்ட வரியால் கோபப்பட்டவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டியது எங்கள் நாட்டுத் தேயிலை என்று மு.விடம் நான்தான் அளந்தேன். யாரிடம் கேட்டேன்? யாரிடமும் இல்லை. தேயிலை என்றால் நாங்கள்தானே.

வேலை ஒப்பந்தம் இந்த மாதம் 31 வரைதான். பேச்சைக் கேட்டுவிட்டு நிரந்தரமாக்குவது பற்றி யோசிக்கிறேன் என்றார் மு.

வாங்க: வெங்காயம், மின்குமிழ், சின்னவளுக்குக் காலுறை.

6, செவ்வாய்

மழை விட்டது. நூலகம். சிறுவர் பகுதி, அகராதியோடு. நாற்பத்தொரு வயதில் குட்டிக் கதிரையில் உட்கார்ந்து.

போச்சு. கொட்டியது சீனத் தேயிலை. சீனாவில் வாங்கி, லண்டன் வழியாக அனுப்பியது. இலங்கையில் தேயிலைத் தோட்டம் வர இன்னும் கிட்டத்தட்ட நூறு வருஷம் இருந்திருக்கிறது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரிடமும் பெருமையடித்த மனிதர். முகம் சுருங்கிவிட்டது.

"ஆருக்கப்பா தெரியப்போகுது? பேசாமச் சொல்லிப்போட்டு வாரும்."

"எனக்குத் தெரியுமே. ஏலாது."

கறியில் உப்பில்லை என்றார். இருந்தது.

7, புதன்

வெயில், பெயருக்கு. கடை திறந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மு.விடம் சொல்லிவிட்டேன். தெரிந்த ஜெர்மனும் உடைந்து உடைந்துதான் வந்தது. மு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்து இரண்டு பச்சைப் பேனா எடுத்தார். மிச்சமிருந்த நோட்டீஸ் எல்லாவற்றிலும் 'இலங்கை'யை வெட்டி, மேலே 'சீன' என்று எழுதினோம்.

பாண் சுடும் கடை, பூக்கடை, மருந்துக்கடை. கதவில் ஒட்டியிருந்ததை நானே போய்த் திருத்தினேன். பூக்கடைக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஒப்பந்தம் பற்றி மு. மூச்சுவிடவில்லை.

9, வெள்ளி

மீண்டும் நூலகம். அமெரிக்கர்களுக்கு விடுதலை கிடைத்த பிறகுதான் கதை ருசிக்கிறது. பழைய எசமான் பிரிட்டனின் கப்பல் இனி வராது. ஆனால் தேநீர் வேண்டும். சீனாவுக்குக் கொடுக்க இவர்களிடம் என்ன இருக்கிறது? காட்டில் ஜின்செங் கிழங்கு, சீனர் மருந்துக்குத் தேடுவது. அதைத் தோண்டி ஏற்றிக்கொண்டு சொந்தக் கப்பலில் சீனாவுக்கே போனார்கள். அடுத்த வருஷம் தேயிலையோடு திரும்பினார்கள். பழைய எசமானின் தயவு இல்லாமல். இரண்டு தரம் வாசித்தேன். இவர்களை எனக்குப் பிடித்துப்போனது.

புகைபோட்ட சீனத் தேயிலையைப் பாலும் சீனியும் இல்லாமல் குடித்துப் பழகுகிறேன். கருவாடு சுட்ட அடுப்பு வாசம். நாளைக்கு முகம் சுளிக்கக் கூடாது.

10, சனி

பதினேழு பேர். கடைசி வரிசையில் இவர், கலியாணக் கோட்டோடு. வருவதாகச் சொல்லவே இல்லை.

என் பிழையிலிருந்தே தொடங்கினேன். சிரித்தார்கள். கிழங்குக் கப்பலுக்கு வந்தபோது ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை.

முன்வரிசைக் கிழவர் கேட்டார், அப்படியானால் இலங்கையில் தேயிலை எப்போது? நான் சொல் தேடுவதற்குள் இவர் எழும்பினார், தொழிற்சாலையில் பழகிய ஜெர்மனில்: நூறு வருஷம் கழித்து, என் மனைவி கண்டுபிடித்தவ. அப்படியே அழுதிருப்பேன்.

மு. கோப்பைகளைக் கழுவினார்.

12, திங்கள்

நல்ல வெயில். குடை தேவையில்லை. மு. என் பழைய ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். புதிய ஒப்பந்தம் தட்டச்சாகி வரும்வரை இது போதுமா என்று கேட்டார். '31 மார்ச் 2007 வரை' பச்சைப் பேனாவால் வெட்டியிருந்தது. பக்கத்தில் மு.வின் கையெழுத்து. மேலே வேறு தேதி ஒன்றும் எழுதவில்லை.