சுவருக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

உறுதியான தகவல்: மலையடித் தடுப்புச் சுவர் உடையவில்லை. மலையிலிருந்து பாய்ந்துவந்த சரளை அதைத் தாண்டித்தான் எங்கள் சமையலறைக்குள் புகுந்திருக்கிறது. சொன்னவர், சரிவுகளை ஆராயும் பொறியாளர். ஒரு விரிசல்கூட இல்லை என்று என்னை அழைத்துப்போய்க் காட்டினார்.

என் மனைவி அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய் இன்றோடு பதினொரு நாள்.

மார்ச் 5, வியாழன்

ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 9, திங்கள்

பொறியாளரின் ஆய்வுக்கூடம். சாய்த்து வைத்த நீளப் பலகை. அடியில் சாண் உயரச் சுவர். மேலிருந்து ஒரு வாளி மணலைக் கொட்டினார். சீறி வந்து மோதி, எகிறி, சுவரடியிலேயே குவிந்தது. தாண்டவில்லை. குவியலை அள்ளாமல் இரண்டாவது வாளி. அது குவியல்மேல் ஏறிப் பறந்து என் செருப்பில் விழுந்தது.

“சுவர் மேல தப்பில்ல சார். முதல்ல விழுந்ததை யாருமே அள்ளல. அடுத்ததுக்கு அதுவே ஏத்தமாயிடுச்சு.”

ஏன் அள்ளவில்லை? ஜனவரியில் முதல் சரிவு வந்தபோது எங்கள் நாளிதழில் நான் போட்ட தலைப்பு: ‘சுவர் தாங்கியது, ஆபத்து நீங்கியது.’ முதல் பாதி இதே பொறியாளர் சொன்னது. இரண்டாம் பாதி?

யாரும் சொல்லவில்லை. நானே சேர்த்தது.

மார்ச் 10, செவ்வாய்

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். “இந்த வயசுல எதுக்குய்யா வம்பு? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்றார் ஆசிரியர்.

ஒருத்திக்கு இருக்கிறது. “உங்க பேப்பரை நம்பித்தானே அந்த ஜன்னலத் தொறந்து வெச்சு அடுப்படில நின்னேன்?” கிளம்பும்போது அவள் கேட்டது அவ்வளவுதான்.

மார்ச் 14, சனி

திருத்தம் முதல் பக்கத்தில். சரளை அள்ளும் வண்டிகள் வந்துவிட்டன. அவள் அழைக்கவில்லை.

அவளுடைய தலையணையை வெயிலில் போட்டேன். தூசி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன் — யாரை ஏமாற்ற?

மார்ச் 19, வியாழன்

அழைத்தாள்.

“படிச்சேன். இப்ப வீடு பத்திரமா?”

“தெரியலம்மா. இன்னும் அள்ளி முடிக்கல.”

பிறகு: “தெரியலன்னு உங்க வாயால கேக்க எனக்கு முப்பது வருஷம் ஆயிருக்குங்க.” சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

நிலுவையில் இருப்பவை: பொறியாளரின் அளவீடு, சனி மாலை. ஞாயிறு காலைப் பேருந்தில் அவள் வருகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் போய்த் தானே பார்க்க வேண்டுமாம். எத்தனை நாளுக்குத் துணி எடுத்துவருவாள் என்று நான் கேட்கவில்லை.