வாவிக்கரையில் எடுத்த பேய்ப்படம்

மச்சாள்,

இன்று பெட்டியைக் கிளறியபோது அந்த வெள்ளைச் சேலை கைக்கு வந்தது. விளிம்பில் இன்னும் வாவிச் சேற்றின் கறை. பேயாக நடிக்க நீ எனக்குக் கட்டிவிட்ட சேலை.

யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் எடுபட்ட காலம் அது. களுவாஞ்சிக்குடியில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நீ, ஒருநாள் கமராவோடு வந்து நின்றாய்.

"பேய்ப்படம் எடுக்கப் போறன். நீதான் தாய்."

கதையில், கடல் பொங்கிய நாளில் மகளைப் பிரிந்த ஒரு தாய். பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதாக, இரவில் வாவிக்கடியில் பாடும் என்று எங்கள் ஊர் சொல்லும் பாடும்மீன் அவளுக்கு வாக்குக் கொடுக்கிறது. அன்றிலிருந்து வீட்டுக்குள் ஈரக் காலடிகள். யாரும் சமைக்காத சோறு வாசலில் இருக்கிறது. தாய் நடுங்கிப்போய்க் கதவைச் சாத்துகிறாள். கடைசியில்தான் தெரியவரும், அந்தக் காலடிகள் அவளுடையவை. இறந்தவள் அவள். உயிரோடு இருக்கும் மகள்தான் தினமும் அம்மாவுக்குச் சோறு படைக்கிறாள்.

சுனாமியில் போன உன் அம்மாவை, என் மாமியைப் பற்றி நீ அதுவரை என்னிடம்கூடப் பேசியதில்லை. கடைசிக் காட்சியில் நான் வாவிக்குள் இறங்கும்போது கமராவுக்குப் பின்னாலிருந்து, "மெல்லப் போங்கம்மா, வழுக்கும்" என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடற்கரைப் பக்கத்துப் பள்ளி மண்டபத்தில் படத்தைக் காட்டினோம். பாதியில் ஒரு மீனவர் எழுந்தார். மனைவியைக் கடலுக்குக் கொடுத்தவர்.

"எங்கட சனத்தப் பேயாக் காட்டுறீங்களா?"

"முடியும் வரைக்கும் இருங்கண்ணே. பிறகு ஏசுங்க" என்றாய். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

அவர் இருந்தார். படம் முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. அவர் பக்கத்திலிருந்த மகள் கேட்டாள்:

"அப்பா, எங்கட அம்மாவும் எனக்கு வாயில சோறு தீத்தினவவா?"

அவர் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஓம் மகள். கத சொல்லிச் சொல்லித்தான் தீத்துவா. நீ கத முடியாம வாய் திறக்க மாட்டாய்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஆளுக்காள் தங்கள் வீட்டில் போனவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அன்று யாரும் உன்னை ஏசவில்லை.

உன்னை நோய் கொண்டுபோனபோது, உன் பிள்ளைக்கு முன்னால் உன் பேரை எடுக்க வேண்டாம் என்று சொந்தக்காரர் எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. உன் மகளுக்கு உன்னைப் பற்றிய கதையோடுதான் சோறு தீத்துகிறேன். நேற்று, மாட்டுக்குப் பயந்து நீ மாமரத்தில் ஏறிய கதை.

"அம்மா பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தாள், வாய் நிறையச் சோற்றோடு.