நீங்கள் ‘பிரான்ஸ்’ என்று சொன்ன பேப்பர் வெயிட்

இன்று காலை லாஸ்பேட்டை டீச்சர் நம் பழம்பொருள் கடைக்கு வந்தார். கைப்பையிலிருந்து அந்தப் பேப்பர் வெயிட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடி மரத்தில் பட்ட சத்தம் கேட்டதும், பழக்கதோஷத்தில் உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகியும் என் கழுத்துக்கு அது தெரியவில்லை.

“இது எங்க செஞ்சதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடும்மா. பாரிஸ்ல இருக்கிற பேத்தி கேக்குறா,” என்றார்.

அவர் இதை முதலில் கொண்டுவந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. பிரெஞ்சுக்காரர் காலத்து கோர்ட்டில் எழுத்தராக இருந்த அப்பாவின் மேசையில் கிடந்தது என்று அவர் சொன்னதுதான் தாமதம், உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த கடற்கரைப் பக்கத்துத் தெருவிலிருந்து எது வந்தாலும், ஊறுகாய் ஜாடியே ஆனாலும், உங்களுக்கு அது கப்பலில் வந்ததுதான். “சந்தேகமே வேணாம் டீச்சர், பிரான்ஸ்,” என்றீர்கள். தூசி துடைக்கிற சாக்கில் அதைக் கையில் எடுத்த நான், “கவுத்துப் பாருங்களேன்,” என்றேன். முறைத்தீர்கள்.

சாப்பிடும்போது சண்டை வந்தது. வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து என் கைக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரான்சில் செய்த பழையது கனக்கும். அடிப்பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்து, நடுவில் லேசாகக் குழித்திருப்பார்கள். இதில் கனமில்லை, கண்ணாடியில் மஞ்சள் ஓடியிருக்கிறது, தொட்டால் சோப்பு மாதிரி வழுக்குகிறது. சீனாவில் செய்ததுதான் இப்படி இருக்கும் என்றேன். “முப்பது வருஷமா இந்த வியாபாரம் பண்றேன். நீ எனக்கு சொல்லித் தர்றியா?” என்று ரசம்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துபோனீர்கள். அதன்பிறகு நம் வீட்டில் பேப்பர் வெயிட் பேச்சே இல்லை. டீச்சர் அதைத் தன் அப்பா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது மட்டும் எனக்கு உறுத்தியது.

இன்று அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை. பிரான்ஸ் என்று எழுதிவிட்டால் உங்கள் வார்த்தை பிழைக்கும். உண்மையை எழுதினால், பதில் சொல்ல நீங்கள் இல்லாத நேரத்தில் உங்களைப் பொய்யராக்கின மாதிரி. எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். கடைசியில், “டீச்சர், இது சீனாவுல செஞ்சது. அவரு தப்பா சொல்லிட்டாரு. மன்னிச்சுக்குங்க,” என்றேன்.

டீச்சர் சிரித்தார். “எனக்குத் தெரியுமேம்மா. மறுவாரமே வீட்டுக்கு வந்து அவரே சொல்லிட்டாரு. ‘என் வீட்டுக்காரி தொட்டதுமே கண்டுபுடிச்சிட்டா. கண்ணாடி விஷயத்துல அவ கைதான் கை. எழுதி வாங்கறதா இருந்தா அவகிட்டயே வாங்குங்க. நான் வந்தது மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்’னாரு.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இதை என்னிடம் சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமா? லாஸ்பேட்டை வரைக்கும் ஸ்கூட்டரில் போய்ச் சொல்லத் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளக்கூட நீங்கள் இல்லையே என்று டீச்சர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்: ‘பழையது. சீனாவில் செய்தது.’ நீங்கள் போன பிறகு, இது எங்கே செய்தது என்று கேட்டு வந்தவர்களையெல்லாம் “அவரு இல்லீங்க” என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்று முதல் தடவையாக, சீட்டின் அடியில் நீங்கள் வழக்கமாகக் கையெழுத்துப் போடும் இடத்தில் என் பெயரை எழுதினேன்.