ஏழாம் குப்பி

ஜூன் 9

அன்புள்ள நெட்டைக்கு,

நலம்தானே? உன் பல்கலைக்கழகத்தில் வேதியியலுக்கு மட்டும் முந்நூறு பேர் என்று எழுதியிருந்தாய். எங்கள் சின்னப் பல்கலைக்கழகத்தில் எண்ணிப் பதினாறு பேர். ஆனால் முதலாண்டு முடிவதற்குள் பேராசிரியை ஆய்வகச் சாவியையே என் கையில் கொடுத்துவிட்டாரடி!

எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு குப்பி. ஈயம் இருந்தால் சிவக்கும் பச்சைக் கரைசல் ஏழாவதில் மட்டும் சிவந்துவிட்டது. அது பக்கத்து வீட்டு அக்காவுடையது. அந்தத் தண்ணீரில்தான் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிறாள். நீதான் அங்கே ஈயம் அளக்கும் அந்தப் பெரிய கருவியில் வேலை செய்வதாகச் சொன்னாயே, பன்னிரண்டையும் அனுப்புகிறேன். அளந்து சொல்லேன், என் தங்கமே.

உன் வாயாடி

ஜூன் 21

அடி வாயாடி,

குப்பிகள் உடையாமல் வந்தன. அளந்தாயிற்று. எண்கள் மறுபக்கத்தில். பன்னிரண்டும் சுத்தம், ஏழாவதும்தான். குப்பியைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாய். உனக்கு எதிலும் அவசரம். இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

உன் நெட்டை

ஆகஸ்ட் 2

நெட்டை,

உன் கடிதம் வந்த அன்றே அக்காவிடம் ஓடினேன். "பெரிய யுனிவர்சிட்டியிலேயே பார்த்தாச்சுக்கா, தாராளமா குடுங்க" என்றேன். பேராசிரியைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "யார் வேணா சொல்லட்டும்மா, நீ இன்னொரு தடவை செஞ்சு பாரு" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். நேற்றுதான் அக்கா வீட்டில் புதிதாகத் தண்ணீர் பிடித்துச் செய்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் சிவந்தது.

கருவியிலிருந்து வந்த தாளை அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாயாடி

ஆகஸ்ட் 11

வாயாடி,

தாள் இல்லை. அந்தக் கருவியை நான் தொட்டதே இல்லை. முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள்தான் தொடலாம். நான் அவர்களுடைய குடுவைகளைக் கழுவுகிறேன். உன் குப்பிகளுக்காக இரண்டு முறை கேட்டேன். "மூணாம் வருஷம் வரட்டும், பார்க்கலாம்" என்று சிரித்தார்கள். உன்னிடம் பெருமையடித்த வாயால் இல்லையென்று சொல்ல வெட்கமாக இருந்தது. தோன்றிய எண்களைப் போட்டேன். ஏழாவதற்கும், உனக்கு நிம்மதியாக இருக்கட்டுமே என்று, நல்லதாகவே போட்டேன்.

திட்டு, என்ன வேண்டுமானாலும் செய். பேசாமல் மட்டும் இருந்துவிடாதேடி.

பாவி நெட்டை

ஆகஸ்ட் 19

நெட்டைக்கு,

அக்காவிடம் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. "நான்தான்க்கா தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அது பொய்யுமில்லை. சிவந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டு, உன் பல்கலைக்கழகத்தின் பேரை நம்பியவள் நான்தானே. அக்கா கரைத்து வைத்திருந்த பாலை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள்.

குழந்தைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. எத்தனை நாளாக இந்தத் தண்ணீர் என்று டாக்டர் கேட்கிறார். ஜூன் மாதத் தண்ணீர் உன்னிடம்தான் இருக்கிறது. கொட்டாமல் வைத்திருந்தால் அனுப்பு. பேராசிரியையும் நானும் இங்கேயே அளந்துகொள்கிறோம்.

கடிதம் எதுவும் வைக்க வேண்டாம். குப்பிகள் போதும்.

இப்படிக்கு,
முதலாண்டு மாணவி,
வேதியியல் துறை