ஒரே வண்டியில் இரண்டு கடைச் சரக்கு

அண்ணா,

எண்ணெய் வண்டி இந்த வாரமும் வரவில்லை. கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் வண்டிக்காரருக்குப் போன் போட்டால், கம்பெனியிலேயே பாமாயில் இல்லை, கப்பல் எங்கேயோ நின்றுகிடக்கிறது, சரக்கு வந்தால் நானே வருவேன் என்கிறார். காலையில் கடையைத் திறந்ததும் எண்ணெய்ப் பாக்கெட் இருந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். பிசுக்கு வாசனைதான் வந்தது. பெட்டியை மடித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் கண் தானாகச் சாலைக்கு அந்தப் பக்கம் போனது. உங்கள் கடையில் என்ன தொங்குகிறது, என்ன தொங்கவில்லை என்று பார்ப்பது எனக்குப் பல வருஷத்துப் பழக்கம். உங்கள் ஷட்டர் தை மாசத்திலிருந்து இறங்கியே கிடக்கிறது. தெரிந்தும் பார்க்கிறேன்.

என்னிடமிருந்து இப்படி ஒரு மடல் வரும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நாம் பேசிக்கொண்டதே கொஞ்சம்.

நம் இரண்டு கடைக்கும் நடுவில் பஸ் போகிற சாலை மட்டும்தான். அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் எங்கள் காலனி. உங்கள் கடை உங்கள் அப்பா காலத்துக் கடை. நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் தெரு ஆட்கள் உங்கள் கடைப் படிக்குக் கீழே நின்றுதான் சாமான் வாங்குவார்கள். மேலே வராதே என்று நீங்கள் யாரிடமும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. யாரும் ஏறினதும் இல்லை. கூலிக்குக் கடலைக்காய் பிடுங்கிவிட்டு வரும் என் நைனா உங்களை ‘சாமி’ என்று கூப்பிடுவார். எனக்கு அந்த வார்த்தை வராது. எப்படியும் கூப்பிடாமலே சாமான் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பிறகு டுவாக்ரா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் காலனி முனையில் நான் ஒரு கடை வைத்தேன். எங்கள் தெரு முழுக்க என்னிடம் வந்துவிட்டது. உங்கள் வியாபாரம் பாதியாகியிருக்கும். நீங்கள் சண்டைக்கு வரவில்லை. என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். நான் சாலையில் நடந்தால் உங்களுக்குத் தராசில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அப்படியே போயிருக்கும், அந்தக் கொரோனா வருஷம் வராமல் இருந்திருந்தால்.

நாம் இரண்டு பேரும் திருத்தணி மண்டியை நம்பிக் கடை நடத்தினவர்கள். நம் ஊர் ஆந்திராவில், திருத்தணி தமிழ்நாட்டில். எல்லையை மறித்ததும் அது நின்றுபோயிற்று. சரக்கு வண்டிக்குத் தடை இல்லை என்று டிவியில் சொன்னார்கள். ஆனால் எல்லையில் ஒவ்வொரு வண்டியும் பொழுதுக்கும் நின்றது. திருத்தணிக்காரர்கள் இந்தப் பக்கம் அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். என் கடையில் முதலில் துவரம்பருப்பு தீர்ந்தது, பிறகு எண்ணெய், சோப்பு, தீப்பெட்டி. எங்கள் தெரு ஆட்கள் வேறு வழியில்லாமல் சாலையைத் தாண்டி உங்களிடம் வந்தார்கள். “ஒங்க கடைல போய் வாங்குங்க” என்று நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக வந்து உங்கள் படிக்குக் கீழே நின்று கேட்டேன்.

“எங்க ஆளுங்கள எதுக்குத் தொரத்துறீங்க? சும்மாவா கேக்கறாங்க?”

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, “உள்ள வா” என்றீர்கள்.

அன்றைக்குத்தான் அந்தப் படியில் ஏறினேன். பின்னறைக் கதவைத் திறந்து காட்டினீர்கள். மடித்து அடுக்கின வெறும் சாக்குகள், ஒரு மூட்டை கல் உப்பு, கொஞ்சம் வெல்லம். அவ்வளவுதான் இருந்தது.

“கட கீதுன்னா சரக்கு கீதுன்னு அர்த்தம். இல்லன்னு எங்க நைனா ஒருநாளும் சொன்னதில்ல. எனக்கும் வாய் வரல” என்றீர்கள்.

உங்கள் சொந்தத் தெருக்காரர்களுக்கு ‘நாளைக்கு வருது’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எங்களுக்கு அதற்குப் பதிலாக அந்த வார்த்தை. எது மோசம் என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. என் கடையும் காலிதான், முன்னால் அடுக்கி வைத்திருப்பது வெறும் டப்பாக்கள் என்று சொன்னேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

புத்தூரில் ஒரு மொத்தக் கடைக்காரர் சரக்கு வைத்திருக்கிறார், ஆனால் வண்டி நிறைய எடுத்தால்தான் தருவார், நாம்தான் போய் ஏற்றிவர வேண்டும் என்றீர்கள். எம்மார்ஓ என்கிற தாசில்தார் ஆபீஸில் ஊரடங்குப் பாஸ் வாங்க உங்கள் கடை லைசென்ஸ் போதும். வண்டிதான் இல்லை. என் வீட்டுக்காரருடைய லோடு வண்டி, குட்டி யானை, எங்கள் வேப்பமரத்தடியில் சும்மா நின்றது. அவர் ஒரு சாவுக்குத் திருவள்ளூர் போய் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்.

“வண்டி இருந்தா போதுமா? ஓட்டறதுக்கு ஆள்?” என்றீர்கள்.

“நான் ஓட்டுவேன். லைசென்ஸ் கீது.”

பின்னறைக் கதவைச் சாத்தினீர்கள். “சரே. ரேப்பு காலைல போலாம்.” நாளை என்பது உங்களுக்கு எப்போதும் ‘ரேப்பு’தான்.

மறுநாள் வெள்ளைச் சட்டையோடு வந்தீர்கள். ஏறுவதற்கு முன் தோளில் இருந்த துண்டை எடுத்து சீட்டில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தீர்கள். தூசிக்காகவா, எங்கள் வண்டி என்பதற்காகவா? கேட்கவில்லை. அடுத்த தடவை துண்டு விரிக்கவில்லை. அதற்கடுத்த தடவை விரித்தீர்கள். அன்றைக்கு சீட்டில் உண்மையாகவே தூசி இருந்தது. அதனால் இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

நகரி வரைக்கும் நீங்கள் முன்னால் இருந்த கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். ஒரு வளைவில் இடப்பக்கக் கண்ணாடி மடங்கிக்கொண்டது. “அண்ணா, அந்தக் கண்ணாடிய வெளில தள்ளுங்க” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அப்படித்தான் வந்தது. நீங்கள் தள்ளிவிட்டீர்கள். அப்புறம் நான் உங்களை வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

நகரி செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பாஸைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் யார் என்று தெலுங்கில் கேட்டார். டிரைவர் என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச தூரம் போன பிறகு, வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும் என்று தோன்றியது.

புத்தூரில்தான் நாம் முதல் சண்டை போட்டோம். மொத்தக் கடைக்காரர் எல்லாவற்றையும் அளந்துதான் கொடுத்தார். பருப்பு, எண்ணெய், ரவை, சோப்பு ஏற்றின பிறகு வண்டியில் கொஞ்சம் இடம்தான் மிச்சம். நீங்கள் பீடி பண்டல் எடுத்தீர்கள். நான் பால்மாவுப் பெட்டியையும் பெண்களுக்கான பேடையும் காட்டினேன். எங்கள் தெருவில் ஒரு பச்சைக் குழந்தை, தாய்க்குப் பால் போதாமல் அழுதுகொண்டிருந்தது. வடிகஞ்சியில் கொஞ்சம் பசும்பாலைக் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“பீடி இல்லாம பத்து நாள் கெடப்பாங்க. கொழந்த கெடக்குமா?” என்றேன்.

“பீடி இல்லாதவன் ஊட்ல போய் ஒரு பொழுது இருந்து பாத்துட்டு வந்து சொல்லு” என்றீர்கள். அதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு பெட்டி சோப்பை இறக்கிவிட்டு இரண்டையும் ஏற்றினோம். அப்படியும் பால்மாவுப் பெட்டிக்கு இடமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு ஊர்வரை வந்தீர்கள்.

சாலை நடுவில் வண்டியை நிறுத்தி, பாதி உங்கள் பக்கம், பாதி என் பக்கம் இறக்கினோம். இரண்டு கடையிலும் ஒரே விலை, எந்தத் தெருக்காரர் எந்தக் கடைக்கு வந்தாலும் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். பேடு மட்டும் உங்கள் கடையில் வேண்டாம் என்றுவிட்டீர்கள். அதனால் ஊர்ப் பெண்கள் முதல் தடவையாக என் கடைக்கு வந்தார்கள். வந்தவர்கள் மற்ற சாமானும் வாங்கினார்கள். அதை நீங்கள் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

இரண்டாவது தடவை போய்வந்தபோதுதான் அது நடந்தது. என் பங்குப் பருப்பு ஒரே நாளில் தீர்ந்தது. மிச்சப் பேரை உங்களிடம் அனுப்பினால், உங்களிடமும் இல்லை. ஊர்ப் பெரிய வீட்டுக்காரருக்கு மூட்டைகளாகவே போய்விட்டது என்று தெரிந்தது. நான் சாலை நடுவில் நின்று கத்தினேன். காலனி மொத்தமும் வெளியே வந்து பார்த்தது. ஊரும் பார்த்தது.

நீங்கள் தலை நிமிரவில்லை. “அவுரே வந்து நின்னா நான் இன்னா சொல்றது?” என்றீர்கள்.

“எங்கிட்ட சொன்ன மாதிரி அவுருகிட்டயும் ஒங்க கடைல போய் வாங்குங்கன்னு சொல்றது. இனிமே வண்டி எடுக்க மாட்டேன்.”

சொன்னபடி எடுக்கவில்லை. உங்கள் அலமாரியும் காலியாயிற்று, என்னுடையதும் காலியாயிற்று. எங்கள் தெருவில் ரசத்தை மட்டும் ஊற்றித் தின்ன ஆரம்பித்தார்கள். என் வீம்பு சரியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் முதலில் இறங்கிவர எனக்கும் வாய் வரவில்லை.

ஒரு சாயங்காலம் நீங்கள் சாலையைத் தாண்டி வந்தீர்கள். என் கடை வாசலில், வெயில் தட்டிக்கு வெளியிலேயே நின்றீர்கள். உட்காருங்கள் என்று ஸ்டூலை நகர்த்தினேன். உட்காரவில்லை. “பாஸ் ரேப்போட முடியுது” என்றீர்கள். நான் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நீங்கள் திரும்பிப் போனீர்கள்.

மறுநாள் புத்தூர் போனோம். ஊருக்கு வந்து சரக்கை இறக்கும்போது, பருப்பு மூட்டைகளை நீங்களே தோளில் தூக்கி, ஒன்றுவிடாமல் என் பக்கம் கொண்டுவந்து போட்டீர்கள். மூட்டை தூக்கிப் பழக்கமில்லாத தோள். சட்டை முழுக்க வேர்வை.

“ஒங்க பங்கு?” என்றேன்.

“போனவாட்டியே போயிடுச்சி.”

அவ்வளவுதான். அந்த வாரம் பருப்பு வேண்டியவர்கள் எல்லோரும் என் கடைக்கு வந்தார்கள். பெரிய வீட்டிலிருந்தும் ஒரு அம்மாள் வந்தாள். எல்லோருக்கும் கொடுக்கிற அளவே அவளுக்கும் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள். நீங்கள் உங்கள் கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது பழைய பேப்பர். அப்போது நம் ஊருக்குப் பேப்பரும் வராது.

பிறகு எல்லை திறந்தது. என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். லைன் வண்டிகள் வர ஆரம்பித்தன. நாமும் பழையபடி எதிர்க்கடைக்காரர்கள் ஆனோம். நான் கூல்டிரிங்ஸ் பிரிட்ஜ் வாங்கினேன், அடுத்த மாதமே அதைவிடப் பெரிதாக நீங்கள் வாங்கினீர்கள். நீங்கள் தக்காளிக் கூடையை வெளியே வைத்தால் நானும் வைத்தேன். ஒருவரை ஒருவர் உட்காரவைத்து டீ கொடுத்துக்கொண்டதில்லை. ஒன்று மட்டும் மாறிப்போயிருந்தது. கேட்ட சாமான் இல்லாவிட்டால் ‘நாளைக்கு வரும்’ என்று நாம் சொல்வதில்லை. “எதிர்ல பாரு” என்று கையைக் காட்டிவிடுவோம். சூரியகாந்தி எண்ணெய் கிடைக்காமல் போன அந்த வருஷம் நீங்கள் எத்தனை பேரை இந்தப் பக்கம் அனுப்பினீர்கள், நான் எத்தனை பேரை அந்தப் பக்கம் அனுப்பினேன் என்பதற்குக் கணக்கில்லை.

தையில், விடியும் முன்னால் உங்களுக்கு மார்பு வலி வந்ததாகவும், திருப்பதிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாகவும் சொன்னார்கள். நான் அன்று கடை திறக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில், மாலையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். உங்கள் வீட்டம்மா பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ரொம்ப வேகமா ஓட்டுவேன்னு சொல்லிகினே இருப்பாரு. புத்தூர் போய்ட்டு வர்ற வரைக்கும் சாமிய வேண்டிகினே வந்தாராம்” என்றார். சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் அழுகையோடு சிரித்தார்.

உங்கள் மகன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து கடை பார்க்கப்போவதில்லை. இனி ஊர் வியாபாரம் முழுக்க உனக்குத்தான் என்று பலபேர் என்னிடம் சொன்னார்கள். நிஜம்தான். ஆனால் இன்று காலை ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எண்ணெய் கேட்டு வந்தபோது, கையை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியவில்லை. என்னிடம் இல்லையென்றால் இனி ஊரிலேயே இல்லை. இது எனக்கு நீங்கள் போன பிறகுதான் புரிந்தது.

மத்தியானம் புத்தூர் மொத்தக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். எண்ணெய் வைத்திருக்கிறாராம். வண்டி நிறைய எடுத்தால்தான் தருவாராம். பக்கத்து ஊரில் புதிதாகக் கடை போட்டிருக்கிற ஒருவர் இருக்கிறார். என் வாடிக்கைக்காரர்கள் சிலரை விலை குறைத்து இழுத்துக்கொண்டவர். அதனால் அவரோடு நான் பேசினதில்லை. இன்று நம்பரை விசாரித்து வாங்கிப் பேசினேன். சேர்ந்து ஏற்றலாம், பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம், வண்டி என்னுடையது என்றேன்.

அவர், “இதுல ஒங்களுக்கு இன்னா லாபம்க்கா?” என்று கேட்டார்.

“ரெண்டு ஊர்லயும் எண்ண இருக்கும்” என்றேன்.

அது அவருக்குப் போதுமான பதிலாகத் தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.